வேற்றுலக உயிரைத் தேடும் கருவி செய்யப் பழகுவது எப்படி: பினாங்கு வீட்டு மேசையிலிருந்து

வேற்றுலகில் உயிர்த்தடம் தேடும் கருவிகளைச் செய்யும் வேலைக்கு இயற்பியல், வேதியியல், மின்னணுவியல் என்று எதைப் படித்துவிட்டும் போகலாம். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். படிக்கும் மாணவர்கள் பாடத்தேர்வைப் பற்றி அளவுக்கு மீறிக் கவலைப்படுகிறார்கள். ஆய்வுக்கூடங்கள் ஆளெடுக்கும்போது பார்க்கும் திறமை வேறு: கருவி 'இருக்கிறது' என்று காட்டும்போது, அது காட்டுவது நம் கை அழுக்கையா, கருவியின் சொந்த அழுக்கையா என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும்.

1976இல் நாசாவின் வைக்கிங் கலங்கள் செவ்வாய் மண்ணைச் சூடாக்கியபோது குளோரோமீத்தேனும் டைகுளோரோமீத்தேனும் தெரிந்தன. பூமியில் கருவியைக் கழுவிய கரைப்பானின் மிச்சம் என்று அன்று ஒதுக்கினார்கள். 2008இல் ஃபீனிக்ஸ் கலம் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் உப்பைக் கண்டது. கரிமப் பொருளோடு அதைச் சூடாக்கினால் அதே குளோரின் சேர்மங்கள் பிறக்கும் என்பதால், பழைய முடிவை மறுபடி கிளற வேண்டியதாயிற்று. பிறகு சென்ற கியூரியாசிட்டி செவ்வாய் ஊர்தியின் சாம் என்ற ஆய்வுக் கருவியிலோ, உள்ளே எடுத்துச் சென்ற எம்டிபிஎஸ்டிஎஃப்ஏ என்ற வேதிப்பொருளே கசிந்து அளவீடுகளில் கலந்தது. மாதிரி இல்லாமல் எடுக்கும் 'பிளாங்க்' அளவீடுகள் இருந்ததால்தான் எது செவ்வாயுடையது, எது கசிவு என்று பிரிக்க முடிந்தது.

இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே கற்கலாம். பச்சையத்தின் மேல் ஊதா ஒளி பட்டால் அது சிவப்பாக ஒளிரும். அந்தச் சிவப்பை அளக்கும் சின்னக் கருவி போதும். வேண்டியவை: இஎஸ்பி32 போர்டு (சிறு கணினி), ஏஎஸ்7341 சென்சார் போர்டு (ஒளியை நிறவாரியாக அளப்பது), 405 நானோமீட்டர் ஊதா எல்இடி, 100 ஓம் ரெசிஸ்டர், சிவப்பு அக்ரிலிக் துண்டு, 10 மில்லிமீட்டர் கியூவெட் (திரவத்தை ஊற்றி அளக்கும் சதுரக் குழாய்) பத்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பில் ஆல்கஹால் அரை லிட்டர், 1 மில்லிலிட்டர் சிரிஞ்சுகள். மின்னணுப் பாகங்களைக் கோலாலம்பூர்க்காரர்கள் ஜாலான் பாசார் கடைகளில் தேடலாம், பினாங்கில் இருப்பவர்கள் இணையத்தில் வாங்கலாம். கியூவெட் வாங்கும்போது நான்கு பக்கமும் தெளிவானதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் இரண்டு பக்கம் மங்கலாக இருக்கும். அவை இதற்கு உதவாது.

கியூவெட்டின் ஒரு பக்கம் எல்இடி, அதற்குச் செங்கோணத்தில் சென்சார். நேரெதிரே வைத்தால் ஊதா ஒளியே சென்சாரை மூழ்கடித்துவிடும். சென்சாரின் முன்னால் சிவப்பு அக்ரிலிக்கை ஒட்டுங்கள். எல்இடிக்கு மின்சாரத்தை 5 வோல்ட்டிலிருந்து ரெசிஸ்டர் வழியாகக் கொடுத்தால் ஏறக்குறைய 17 மில்லிஆம்பியர் ஓடும். 3.3 வோல்ட் பின்னில் மாட்டாதீர்கள்: எல்இடிக்கே அவ்வளவு வோல்ட் வேண்டும், ஒளி தள்ளாடும். எல்லாவற்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். பெட்டி கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. மெல்லிய கறுப்புப் பிளாஸ்டிக் அகச்சிவப்பை உள்ளே விடும். உட்பக்கம் கறுப்பு அட்டை ஒட்டுங்கள். எரியும் எல்இடியை நேராகப் பார்க்க வேண்டாம்.

சென்சாரில் 680 நானோமீட்டர் அலைவரிசையைப் படியுங்கள். சென்சாரின் அளவீட்டு நேரத்தைத் தீர்மானிக்கும் ஏடைம், ஏஸ்டெப் அமைப்புகளை 100, 999 என்று வைத்தால் ஓர் அளவீட்டுக்கு ஏறக்குறைய 281 மில்லிவினாடி ஆகும். எண் 65535ஐத் தொட்டால் சென்சார் நிரம்பிவிட்டது என்று பொருள், கெய்னை (உணர்திறன் பெருக்கத்தை) குறையுங்கள்.

முருங்கைக்கீரை 1 கிராம் எடுத்து 20 மில்லிலிட்டர் ஆல்கஹாலில் நசுக்கி, 15 நிமிடம் இருட்டில் வைத்து, காப்பி வடிதாளில் வடிகட்டுங்கள். ஆல்கஹால் ஆவி தீப்பற்றும், எனவே அடுப்படி வேண்டாம், சன்னலைத் திறந்து வையுங்கள். சாற்றில் 1 மில்லிலிட்டரோடு 9 மில்லிலிட்டர் ஆல்கஹால் சேர்த்தால் பத்தில் ஒன்று. அதிலிருந்து 1 மில்லிலிட்டர் எடுத்து அடுத்தது என்று இப்படியே ஆறு முறை, ஒவ்வொரு முறையும் புதுச் சிரிஞ்சு. நெயில் பாலிஷ் நீக்கியில் உள்ள அசிட்டோன் பாலிஸ்டைரீன் கியூவெட்டைக் கரைத்துவிடும், அதைத் தொடாதீர்கள். வெளிச்சத்தில் பச்சையம் சிதையும் என்பதால் குப்பிகளை அலுமினியத் தாளில் சுற்றி வையுங்கள்.

எல்இடியைப் பத்து நிமிடம் எரியவிட்டுச் சூடு நிலைத்த பிறகு வெறும் ஆல்கஹாலைப் பத்து முறை அளவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கியூவெட்டை வெளியே எடுத்துத் திரும்ப வைக்க வேண்டும். வைக்கும் கை ஆட்டமும் பிழையில் சேர்த்திதான். இதுதான் உங்கள் பிளாங்க். சராசரி 212, திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து சிதறும் அளவு) 4 என்று வைத்துக்கொள்வோம். மும்மடங்கு விலக்கத்தைக் கூட்டினால் 224. இதுதான் கண்டறியும் எல்லை. அதற்குக் கீழே வரும் எந்த எண்ணையும் 'பச்சையம்' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. பிறகு நீர்த்த குப்பியில் தொடங்கிச் செறிந்ததை நோக்கிப் போங்கள். தலைகீழாகப் போனால் முந்தைய மிச்சம் அடுத்ததைக் கெடுக்கும்.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. மிகச் செறிந்த குப்பி அடுத்ததைவிடக் குறைவாக ஒளிர்ந்தால் கருவி பழுதில்லை. பச்சையமே ஊதா ஒளியை முகப்பிலேயே விழுங்கிவிடுகிறது, தான் உமிழும் சிவப்பையும் ஓரளவு விழுங்குகிறது. வரைபடத்தில் நேர்கோடாக ஓடும் பகுதியை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.

பிளாங்க் திடீரென உயர்ந்தால் கியூவெட்டில் கைரேகை படிந்திருக்கலாம். துடைத்த டிஷ்யூவின் இழை ஒட்டியிருக்கலாம். சலவைத்தூளின் வெண்மையூட்டிகளும் வெள்ளைத் தாளும் ஊதா ஒளியில் ஒளிரும். நம் ஊர் ஈரப்பதத்துக்கென்றே ஒரு தொல்லை: குளிர்பெட்டியிலிருந்து எடுத்த குப்பியை உடனே அளந்தால் வெளிப்பக்கம் பனித்து ஒளி சிதறும். அரை மணி நேரம் வெளியே வையுங்கள். கருவியை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைக்காவிட்டால் அக்ரிலிக்கிலும் பூஞ்சை பிடிக்கும்.

கடைசியில் தங்கையிடமோ நண்பரிடமோ எட்டுக் குப்பிகளைக் கொடுத்து, சிலவற்றில் வெறும் ஆல்கஹாலை ஊற்றி எண் மட்டும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். எதில் பச்சையம் உண்டு என்று முதலில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகே விடையைக் கேளுங்கள்.

இனி வேலை. பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் அளவைக் கருவி, மின்னணுத் தொழிற்சாலைகள் நிறைய. அங்கே ஓரிரு ஆண்டு சோதனைப் பொறியியல் பார்ப்பது வீண் அல்ல. மின்னணுத் துறையின் ஐ.பி.சி. தரப்படி பற்றவைப்பை மதிப்பிடுவது, நிலைமின் காப்பு, தூய்மை அறை ஒழுங்கு எல்லாம் விண்கருவிக்கும் வேண்டும். ஆனால் சில பழக்கங்களை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். தொழிற்சாலை ஈயமில்லாப் பற்றாசு பயன்படுத்தும். தூய வெள்ளீயத்தில் மெல்லிய இழைகள் முளைத்துக் குறுக்குச்சுற்று ஏற்படுத்தும் என்பதால் விண்வெளியில் ஈயம் கலந்ததையே விரும்புவார்கள். பிசின், டேப், கம்பி உறை எதுவானாலும் ஏ.எஸ்.டி.எம். இ595 என்ற தரச் சோதனையில் வெற்றிடத்தில் 125 பாகை செல்சியஸில் 24 மணி நேரம் வைத்து, எடை இழப்பு 1 விழுக்காட்டையும் படியும் ஆவி 0.1 விழுக்காட்டையும் தாண்டாததாகப் பார்ப்பார்கள். செவ்வாயில் இறங்கும் கலத்தின் பரப்பில் சதுர மீட்டருக்குச் சராசரி 300 நுண்ணுயிர் வித்துகள்வரைதான் பொதுவான வரம்பு. உயிரையே தேடும் கருவிக்கு இன்னும் கடுமை.

அமெரிக்க ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களால் அங்குள்ள விண்கருவிப் பணிகள் பல மலேசியருக்கு எளிதில் எட்டா. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் பெரும்பாலும் உறுப்பு நாட்டவரையே சேர்க்கும். பல்கலைக்கழகக் குழுக்களுக்கு அந்தத் தடை குறைவு. ஐரோப்பாவின் ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் செவ்வாய் ஊர்திக்காக, கரிமப் பொருளைத் தேடும் மோமா கருவியை முன்னின்று செய்தது ஜெர்மனியின் கோட்டிங்கனில் உள்ள மாக்ஸ் பிளாங்க் சூரியக் குடும்ப ஆய்வு நிலையம். வால்வெள்ளி 67பி-யில் கிளைசீன் என்ற அமினோ அமிலத்தைக் கண்ட ரோசினா கருவியை வழிநடத்தியது சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகம். ஜெர்மனிக்கு டாட் (DAAD) உதவித்தொகை உண்டு. ஜப்பானுக்குக் கோலாலம்பூர்த் தூதரகம் வழியாக மெக்ஸ்ட் (MEXT) உதவித்தொகை உண்டு.

பொறுமையும் வேண்டும். ரோசினா, ரோசெட்டா கலத்தில் 2004இல் புறப்பட்டு 2014இல்தான் வால்வெள்ளியை அடைந்தது.

பேராசிரியருக்கு எழுதும் மடல் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். உங்கள் வரைபடத்தை இணையுங்கள்: நேர்கோட்டுப் பகுதி, பிளாங்கின் பத்து எண்கள், கண்டறியும் எல்லை, ஒட்டிய எண்ணை வைத்துச் செய்த சோதனையில் எத்தனை தவறு. தவறிய குப்பிகளை மறைக்காமல், ஏன் தவறின என்று இரண்டு வரி எழுதுங்கள். மதிப்பெண் பட்டியலைப் பின்னால் வையுங்கள்.