பன்னிரண்டு யூனிட்டும் பன்னிரண்டு மணிக்கே வராது

மொட்டை மாடியில் 3 கிலோவாட் சோலார் இருந்தால், தமிழ்நாட்டு வெயிலில் தெளிவான நாளுக்கு ஏறக்குறைய 12 யூனிட் கிடைக்கும். அதை நம்பிக் கீசர், மோட்டார், அயர்ன் பாக்ஸ் மூன்றையும் உச்சி வேளையில் ஒன்றாகப் போடுவதுதான் வழக்கமான தவறு. அப்போதும் சோலார் இன்வெர்ட்டர் தருவது 2.2 முதல் 2.4 கிலோவாட்தான்; இவை மூன்றும் இழுப்பது 4. பற்றாக்குறை லைனிலிருந்து வரும்.

நெட் மீட்டரிங் இணைப்பில் கொடுத்த யூனிட்டும் எடுத்த யூனிட்டும் ஒன்றுக்கு ஒன்று கழிவதால், நேரத்தை மாற்றிப் பில்லில் பெரிதாக எதுவும் மிச்சமாகாது. வெளியே போகும் யூனிட்டுக்குக் குறைந்த விலை கிடைப்பவர்களுக்கே இந்த வேலை.

வெயில் நாளில் காலை 9 மணிக்கும் மாலை 4 மணிக்கும் மீட்டரில் இறக்குமதி (லைனிலிருந்து எடுத்தது), ஏற்றுமதி (லைனுக்குக் கொடுத்தது) இரண்டையும் குறியுங்கள். இரண்டுமே நன்றாக ஏறியிருந்தால், ஒரு நேரம் கருவிகளைக் குவித்துவிட்டு மறு நேரம் மின்சாரத்தை வீணாக வெளியே விடுகிறீர்கள்.

இப்படிப் பிரித்துப் போடுங்கள்: ஒன்பதரைக்கு 1 குதிரைத்திறன் மோட்டார். பத்தரைக்கு வாஷிங் மெஷின், பச்சைத் தண்ணீரில்; கிரைண்டர் 200 வாட்டுக்குள்தான், கூடவே ஓடட்டும். பதினொன்று முதல் ஒன்றரை வரை அயர்ன், இண்டக்‌ஷன் அடுப்பு, ஒன்று முடிந்தபின் மற்றொன்று. பிறகு ஸ்கூட்டர் சார்ஜிங்.

கீசர்தான் சிக்கல். 25 லிட்டரை 30 டிகிரி ஏற்ற 0.9 யூனிட் போதும். 2 கிலோவாட் காயிலுக்கு அரை மணிக்கும் குறைவு. ஸ்கூட்டரைச் செருகுமுன் போட்டு, சூடானதும் சுவிட்சை அணையுங்கள். அணைக்காவிட்டால் தெர்மோஸ்டாட் இரவெல்லாம் விட்டுவிட்டுச் சூடேற்றும், பகலில் மிச்சம் பிடித்தது போய்விடும். மாலைக் குளியலுக்கு இது சரி. விடியற்காலைக் குளியலுக்கு எதிர்பார்க்க வேண்டாம்.

டைமர் வாங்கினால் 16 ஆம்பியர். கீசர் 9 ஆம்பியர் எடுக்கும். 6 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக் உருகக்கூடும். மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும் என்பதால், டைமர் கான்டாக்டரை (அதிக மின்னோட்டம் தாங்கும் சுவிட்ச்) இயக்கட்டும், கான்டாக்டர் மோட்டாரை இயக்கட்டும். தொட்டி நிறைந்தாலும் கிணறு வற்றினாலும் நிறுத்தும் கருவியும் தேவை.

மேகம் கடக்கும்போது உற்பத்தி சட்டென்று கால்வாசிக்கு இறங்கும். அதைத் துரத்திச் சுவிட்ச் போட்டு அணைக்க வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் டைமர்களை நிறுத்திவிட்டு, தேவைப்பட்டபோது போட்டுக்கொள்ளுங்கள்.