மூச்சு வாங்குகிறவரைப் பரிசோதிப்பது எப்படி? வார்டுக்குப் புதிதாக வரும் நர்சிங் மாணவர்களுக்கு

எந்த வார்டிலும் காய்ச்சல், நாடி, மூச்சு எழுதும் டி.பி.ஆர். சார்ட்டைப் புரட்டிப் பாருங்கள். காய்ச்சல் ஏறி இறங்கியிருக்கும், நாடி மாறியிருக்கும். மூச்சு எண்ணிக்கை மட்டும் காலை, மதியம், ராத்திரி எல்லா வேளையும் நிமிஷத்துக்கு 20. நானும் அப்படி எழுதியவள்தான். இரண்டாம் ஆண்டில் ஒரு பெரியவருக்கு 20 என்று போட்டுவிட்டு நகர்ந்தேன். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் அவர் பக்கத்தில் நின்று எண்ணினார்: 34. திட்டவில்லை, சார்ட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த பெட்டுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால் மறந்திருப்பேன்.

அதனால் இந்தப் பதிவில் மூச்சுத்திணறல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1. தொடுவதற்கு முன் பாருங்கள்

கட்டிலின் கால்மாட்டில் அரை நிமிஷம் நில்லுங்கள். பேர் கேளுங்கள், எந்த ஊர் என்று கேளுங்கள். ஒரு முழு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்கிறாரா, இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்துகிறாரா? முழங்காலில் கை ஊன்றி முன்னால் குனிந்திருக்கிறாரா? கழுத்துத் தசை இழுக்கிறதா, விலா எலும்புகளுக்கு நடுவே குழி விழுகிறதா? நீலம் பாய்ந்திருக்கிறதா என்று தேடும்போது விரல் நகத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். குளிரிலும் நகம் நீலமாகும். நம் மாநிறத்துக்கு நாக்கும் உதட்டின் உள்பக்கமும்தான் சரியான இடம்.

2. மூச்சை எண்ணுங்கள், சொல்லாமல்

"உங்க மூச்சை எண்ணப் போறேன்" என்று சொன்னால் போச்சு. அந்த நொடியிலிருந்து அவர் மூச்சு அவர் மூச்சாக இருக்காது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடியுங்கள். நாடியை எண்ணி முடித்த பிறகும் கையை விடாமல், பார்வையை மட்டும் நெஞ்சுக்கு மாற்றுங்கள். சேலை, போர்வையில் அசைவு தெரியவில்லை என்றால், அவருடைய கையை அவர் வயிற்றின் மேலேயே வைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மூச்சுக்கு மூச்சு கை ஏறி இறங்கும்.

முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குவது வசதிதான். ஆனால் ஒன்று தவறினால் கணக்கில் நாலு தவறும். சிலருக்கு மூச்சு வேகமாகி, மெதுவாகி, கொஞ்ச நேரம் நின்று மறுபடி தொடங்கும். 15 விநாடிக்குள் அது பிடிபடாது.

ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை சரி. 25-ஐத் தொட்டால் உடனே கூப்பிட வேண்டும். நோயாளியின் நிலை மோசமாகிறதா என்று புள்ளி போட்டுப் பார்க்க இங்கிலாந்தில் உருவாக்கிய நியூஸ் 2 அட்டவணையில் ஒரு அளவுக்குக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச புள்ளியான 3, மூச்சு 25-ஐத் தொட்டாலே விழுந்துவிடும். இருமலோடு வரும் குழந்தைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு: 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. அதைத் தொட்டாலே வேகமான மூச்சுதான். அழும் குழந்தையை எண்ணாதீர்கள், அடங்கட்டும்.

3. சாச்சுரேஷன்

ரத்தத்தில் ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம் என்பதுதான் சாச்சுரேஷன். அதைக் காட்டும் கிளிப்பை விரலில் மாட்டுவது பெரிய வித்தையில்லை. நெயில் பாலிஷ், அடர்ந்த மருதாணி, சில்லிட்ட விரல் எல்லாம் அதைக் குழப்பும். விரலை மாற்றிப் பாருங்கள், தேய்த்துச் சூடாக்குங்கள். பெரும்பாலானவர்களுக்கு 94-க்கு மேல் இருக்க வேண்டும். வருஷக்கணக்கில் பீடி குடித்து நுரையீரல் நைந்துபோனவருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று டாக்டர் சொல்லியிருக்கலாம். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் ஆக்ஸிஜனைக் கூட்டிவிடாதீர்கள்.

4. கேள்வி கேட்பது

பாடப்புத்தகம், "எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள்?" என்று கேட்கச் சொல்லும். ஒரு பாட்டியிடம் அப்படியே கேட்டேன்.

"தலையணை ஏதும்மா? பாயிலதான் படுப்பேன். நாலு நாளா அதுவும் இல்ல, திண்ணையில சாஞ்சு உக்காந்தே தூங்குறேன்."

நான் தேடிய பதில் அதுதான். அன்றிலிருந்து, "படுத்தா மூச்சு முட்டுதா? எழுந்து உக்காந்தா தேவலையா?" என்றே கேட்கிறேன். படுத்தால் முட்டி, உட்கார்ந்தால் தணிகிறது என்றால் முதலில் இதயத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று. "இழுப்பு" என்று சொன்னால் எந்த இழுப்பு என்று கேளுங்கள். சில வீடுகளில் வீசிங்குக்கும் அதே பேர், வலிப்புக்கும் அதே பேர்.

5. தட்டிக் கேட்பது

இடது கை நடுவிரலை விலா எலும்புகளுக்கு நடுவே அழுத்தி வையுங்கள். வலது நடுவிரல் நுனியால், மணிக்கட்டை மட்டும் அசைத்து, அதன் மேல் இரண்டு தட்டு. இதை வீட்டில் அரிசி டின்னில் பழகலாம். மேலிருந்து தட்டிக்கொண்டே வந்தால் அரிசி தொடங்கும் இடத்தில் சத்தம் மட்டாகும். 1761-இல் இந்த முறையை வியன்னாவில் வெளியிட்ட ஆவன்ப்ரூக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயில் ஒயின் எவ்வளவு மிச்சம் என்று அப்பா தட்டிப் பார்ப்பதைக் கண்டவர் என்பார்கள். நெஞ்சில் நீர் கோர்த்திருந்தால் கல்லில் தட்டியதுபோலக் கேட்கும்.

6. ஸ்டெத்

ஸ்கிரீனை இழுத்துவிட்டு, துணியை விலக்கி, தோலின் மேல் வையுங்கள். ஜாக்கெட்டின் மேல் வைத்தால் துணி உரசும் சத்தத்தைத்தான் கேட்பீர்கள். வைப்பதற்கு முன் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்குங்கள். வாயைத் திறந்து மூச்சுவிடச் சொல்லுங்கள். முதுகில் கேட்கும்போது கைகளை முன்னால் கட்டிக்கொள்ளச் சொன்னால் தோள்பட்டை எலும்பு விலகி வழிவிடும். வலப்பக்கம் ஒரு இடம், இடப்பக்கம் அதே இடம், பிறகு ஒரு படி கீழே. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் ஒப்பிடவே முடியாது. அக்குளுக்குக் கீழேயும் மறக்காமல் வையுங்கள்.

காதோரத்து முடியை இரண்டு விரலால் உருட்டிப் பாருங்கள். நொறுநொறுவென்று வரும் அந்தச் சத்தம்போல ஸ்டெத்தில் கேட்டால் அதுதான் கிரெப்ஸ். இருமச் சொல்லிவிட்டு மறுபடி கேளுங்கள். மறைந்துவிட்டால் அது பெரிய குழாய்களில் இருந்த சளியாக இருக்கலாம். விசில் போல இழுத்தால் வீஸ். வீசிங் நோயாளிக்குத் திடீரென்று சத்தமே இல்லாமல் போய், ஆளும் சோர்ந்துபோனால், குணமாகிவிட்டது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். காற்றே போகவில்லை என்று அர்த்தம். ஓடிப்போய் டாக்டரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

7. கால்

கணுக்காலுக்குச் சற்று மேலே, எலும்பின் மேல் கட்டைவிரலால் ஐந்து விநாடிக்குக் குறையாமல் அழுத்துங்கள். குழி நிற்கிறதா? படுத்தே கிடப்பவருக்குக் காலில் வீக்கம் தெரியாமல் போகலாம், இடுப்புக்குப் பின்னாலும் பாருங்கள்.

8. சேர்த்துப் பார்ப்பது

காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் கிரெப்ஸ், அந்த இடத்தில் தட்டினால் சத்தம் மட்டு: நிமோனியாவாக இருக்கலாம். இரண்டு பக்கமும் வீஸ், முன்பும் இப்படி வந்திருக்கிறது: ஆஸ்துமா. இரண்டு பக்கமும் நுரையீரலின் அடியில் (பேஸ்) கிரெப்ஸ், கால் வீக்கம், படுத்தால் முட்டல்: இதயம். எல்லா நோயாளியும் இப்படி ஒழுங்காக வந்து வாய்க்க மாட்டார்கள். ஒரே ஆளுக்கு இரண்டு நோய் சேர்ந்தும் இருக்கும்.

நோயின் பேரை முடிவு செய்வது டாக்டர். நர்சிங் டயக்னோசிஸ் என்பது வேறு. 1973-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் கூடிய மாநாட்டிலிருந்து வளர்ந்த முறை அது. அந்த நோயால் இவருக்கு என்ன முடியவில்லை என்று எழுதுவது. "நிமோனியா" என்று நீங்கள் எழுத வேண்டியதில்லை. "கெட்டிச் சளியை இருமி வெளியேற்ற முடியவில்லை" என்று எழுதினால், தண்ணீர், ஆவி, இருமப் பழக்குவது என்று உங்கள் வேலை தானாகத் தெரியும்.

9. போன் செய்வது

தலைமாட்டை உயர்த்தி உட்கார வைத்த பிறகு கூப்பிடுங்கள். "சார், பேஷண்ட் டல்லா இருக்காங்க" என்றால் அந்தப் பக்கம், "பார்க்கறேன்மா" என்று வைத்துவிடுவார்கள். அந்தத் திண்ணைப் பாட்டிக்கு நான் சொன்னது இது:

"சார், 14-ஆம் பெட், 68 வயசு அம்மா. மூச்சு 32, முழு நிமிஷம் எண்ணினேன். சாச்சுரேஷன் 88. படுக்க முடியல, ரெண்டு பேஸ்லயும் கிரெப்ஸ், ரெண்டு காலும் வீக்கம், காய்ச்சல் இல்ல. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்க. உட்கார வெச்சிருக்கேன். நீங்க இப்பவே வந்து பார்க்கணும்."

டாக்டர் படியேறி வருவதற்குள் ஈ.சி.ஜி. மெஷினைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு வந்திருந்தேன்.