சங்கத்துப் பழைய காகிதங்களைப் பட்டியலிடுவது எப்படி?

தமிழ்ச் சங்கமோ கோயிலோ, பெட்டி நிறையப் பழைய காகிதங்கள் உங்கள் பொறுப்பில் வந்திருக்கின்றனவா? பிரிக்கும் முன் அவை இருக்கும் ஒழுங்கை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், தீபாவளி என்று பொருள்வாரியாகப் பிரித்துப்போடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். கடிதத்தின் பின்னால் ரசீதைக் குத்தி வைத்திருந்தால், அந்தச் செலவின் காரணம் அந்தக் குண்டூசியில்தான் இருக்கிறது. யார் உருவாக்கினார்கள், யார் கைமாறி வந்தது என்பதே முதல் கேள்வி. இதுதான் மூலத்தோற்றம்.

அடுத்து, நிலைகள். சங்கத்தின் காகிதங்கள் மொத்தமும் ஒரு தொகுதி. அதற்குள் ஒரே வேலையில் உருவானவை (கூட்டக் குறிப்புகள், கணக்குகள்) தனித்தனித் தொடர். தொடருக்குள் கோப்பு, கோப்புக்குள் உருப்படி. மேலிருந்து கீழாக எழுதுங்கள். சங்க வரலாற்றைத் தொகுதி நிலையில் சொல்லிவிட்டால், கோப்பில் மறுபடி எழுதக் கூடாது.

அனைத்துலக ஆவணக் காப்பகப் பேரவை 2000இல் வெளியிட்ட ஆவண விவரிப்புத் தரநெறியில் 26 கூறுகள் உண்டு. மலைக்க வேண்டாம், தொடங்க ஆறு போதும். ஓர் உதாரணம்:

குறியீட்டெண்: ச/2/5 (தொகுதி/தொடர்/கோப்பு)
தலைப்பு: செயற்குழுக் கூட்டக் குறிப்புகள்
உருவாக்கியவர்: சங்கத்தின் பெயர்
காலம்: 1961–1964
அளவு: 1 குறிப்பேடு, 96 பக்கங்கள்
நிலை: கோப்பு

அளவு என்பது பொருளுக்கேற்ப மாறும். நம் சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளைத் தேடிப் பாருங்கள். அங்கே ஒலிநாடாச் சுருள் கணக்கு இருக்கும்.

உண்மையான தலைவலி காலம்தான். தமிழ் மாதமும் தேதியும் மட்டும் அச்சிட்ட அழைப்பிதழ்கள் ஏராளம். அப்போது முகவரியைப் பாருங்கள். ‘சிங்கப்பூர் 8’ என்று வட்டார எண் மட்டும் இருந்தால், அது 1950இல் வந்த முறை. நான்கு இலக்க அஞ்சல் குறியீடு 1979இலும், ஆறு இலக்கம் 1995இலும் நடைமுறைக்கு வந்தன. ஆறு இலக்கம் இருந்தால் 1995க்கு முந்தையதல்ல என்று துணிந்து சொல்லலாம். பழைய எண்ணை மட்டும் வைத்து அவ்வளவு உறுதியாகப் பேச முடியாது. மிச்சமிருந்த கடிதத்தாளைச் சங்கங்கள் வீணாக்குவதில்லை. ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியுடன் இடுங்கள்: [1978?]. ஊகத்தின் காரணத்தையும் ஒரு வரியில் குறித்துவிடுங்கள்.

உறுப்பினர் பாரங்களில் அடையாள அட்டை எண் இருந்தால், அந்தக் கோப்பின் பதிவில் ‘பார்வைக்குக் கட்டுப்பாடு உண்டு’ என்று சேருங்கள். குறியீட்டெண்ணைக் கோப்புறையின் மீது மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா கூடாது, ஒட்டும் நாடாவும் கூடாது.