பிலிப்பைன்ஸ் மக்களிடம் பெர்ஃபெக்‌ஷனிசம் கேள்வித்தாள்: சரியா அளக்குதான்னு சோதிப்பது எப்படி?

"ஆல்பா 0.85 வந்துடுச்சு, கேள்வித்தாள் ஓகே" என்று கடையைச் சாத்துகிறவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதைத் தாண்டி ஆல்பா என்ற புள்ளியியல் எண் பெரிதாக எதுவும் சொல்லாது.

எடுத்துக்கொண்டது 2014-இல் அமெரிக்காவில் வந்த எஸ்ஏபிஎஸ் (Short Almost Perfect Scale). எதிலும் குறையே இருக்கக் கூடாதென்ற போக்கை அளக்கும் கேள்வித்தாள் அது. மொத்தம் 8 கேள்வி, 7 புள்ளி அளவு. நாலு கேள்வி 'உயர்ந்த தரம்' பற்றியது. மீதி நாலு 'இடைவெளி', அதாவது எவ்வளவு செய்தும் போதலையே என்ற உறுத்தல்.

1. தரவு: மணிலா கல்லூரி வாட்ஸப் குழுக்களில் மட்டும் ஃபார்மைச் சுற்றவிடாதீர்கள். செபு, டவாவ் போன்ற மற்ற நகரத்தவர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் வேண்டும். ஆங்கிலம், ஃபிலிப்பினோ இரண்டும் அங்கே ஆட்சிமொழி என்பதால், யார் எதில் நிரப்பினார் என்று தனிப் பத்தி வையுங்கள். பின்னால் அதுதான் கைகொடுக்கும்.

2. மென்பொருள்: ஆர் என்ற இலவசப் புள்ளியியல் மென்பொருள், அதற்குள் லாவான் என்ற தொகுப்பு. ஆமோஸ் என்ற மென்பொருளுக்குக் காசு கொடுக்காதீர்கள். கோட் எழுதப் பயமென்றால் மவுஸால் சொடுக்கியே ஓட்டும் ஜாஸ்ப். அதற்குள்ளும் ஓடுவது லாவான்தான்.

3. சிஎஃப்ஏ (நாம் நினைக்கும் காரணி அமைப்பு தரவோடு பொருந்துகிறதா என்ற சோதனை): 'தரம்', 'இடைவெளி' என்ற இரு காரணி மாடலில் டிஎஃப் (தரவிலுள்ள தகவல்களின் எண்ணிக்கையிலிருந்து மாடல் கணிக்கும் எண்களைக் கழித்தால் மிஞ்சுவது) 19, எட்டுக் கேள்வியும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு காரணியில் 20. வேறு எண் வந்தால் மாடலைத் தப்பாக எழுதியிருக்கிறீர்கள். பொருத்தத்தைச் சொல்லும் எண்களுக்கான சிஎஃப்ஐ 0.95 (கூடினால் நல்லது), ஆர்எம்எஸ்இஏ 0.06 (குறைந்தால் நல்லது) என்ற 1999-ஆம் வருட வரம்புகள் குத்துமதிப்புதான். டிஎஃப் இவ்வளவு குறைவாக இருந்து சாம்பிளும் சின்னதென்றால் ஆர்எம்எஸ்இஏ சும்மாவே ஏறும்.

4. இன்வேரியன்ஸ் (கேள்வித்தாள் எல்லாக் குழுக்களிலும் ஒரே மாதிரி அளக்கிறதா என்பது): பலர் தாவிக் குதிக்கும் படி இது. ஆங்கிலக் குழு, ஃபிலிப்பினோ குழு என்று பிரித்து மூன்று மாடல் ஓட்டுங்கள். முதலில் அமைப்பு மட்டும் ஒன்று. அடுத்து லோடிங்குகளும் (ஒவ்வொரு கேள்வியும் காரணியோடு எவ்வளவு பிணைந்திருக்கிறது என்பது) சமம். கடைசியில் இன்டர்செப்ட்டுகளும் (ஒவ்வொரு கேள்விக்கும் பதில் தொடங்கும் அடிப்படை மதிப்பு) சமம். ஒவ்வொரு படியிலும் சிஎஃப்ஐ 0.01-க்கு மேல் விழுகிறதா பாருங்கள். கடைசிப் படியில் விழுந்தால் இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடாதீர்கள். ஒருவேளை ஒரே அளவு உறுத்தல் உள்ளவர்கள்கூட மொழிக்குத் தக்கபடி வேறு எண்ணை டிக் செய்கிறார்களோ என்னவோ. எந்தக் கேள்வி இடிக்கிறதென்று கண்டுபிடித்து, அதன் இன்டர்செப்ட்டை மட்டும் விடுவித்து மறுபடி ஓட்டுங்கள்.

*பின்சேர்க்கை:* இந்தப் படியில் எரர் வருவதாகச் சிலர் கமென்ட்டில் கேட்டிருந்தார்கள். 'உயர்ந்த தரம்' கேள்விகளில் 1-ஐ யாரும் தொடுவதில்லை. பதில்களை ஆர்டர்டு (தொடர் எண் அல்ல, வரிசையான வகைகள்) என்று கொடுத்திருந்தால், ஒரு குழுவில் அந்த விடை காலியாக இருப்பதே லாவானுக்குப் போதும், முறைத்துக்கொள்ளும். 1, 2 இரண்டையும் இரு குழுக்களிலும் ஒரே விடையாகச் சேர்த்துவிடுங்கள். அல்லது தொடர் எண்ணாக வைத்து எம்எல்ஆர் (ஒரு பக்கம் சாய்ந்த தரவையும் தாங்கும் கணிப்பு முறை) போடுங்கள். 7 புள்ளிக்கு அது தாங்கும்.

5. வெளிச் சான்று: ரோசன்பெர்க் சுயமதிப்பு அளவுகோலையும் (10 கேள்வி) கூடவே கேளுங்கள். 'இடைவெளி' ஏறினால் சுயமதிப்பு இறங்க வேண்டும். 'தரம்' அப்படி இழுக்கக் கூடாது. இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவுக்குப் போனால், மாடலின் ஃபிட் (பொருத்தம்) எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் நம்ப மாட்டேன்.