கண்ணாடிப் பொத்தான் வரைவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியின் பழைய தெருக்களில் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிச் சுவரில் பதித்திருக்கும் நீலநிற எனாமல் பெயர்த்தகடுகள் வெயில் பட்டால் பளபளக்கின்றன. பெட்டிக்கடையில் வாங்கும் கோலி சோடா புட்டியும் பளபளக்கிறது. ஆனால் இரண்டின் பளபளப்பும் ஒன்றல்ல. எனாமல் தகடு தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு சரி. புட்டியோ ஒளியில் ஒரு சிறு பங்கை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, மிச்சத்தைத் தனக்குள் வாங்கி, மறுபக்கத்தில் குவித்து வெளியே விடுகிறது. ஜிம்ப், ஃபோட்டோஷாப் போன்ற பட மென்பொருள்களில் கண்ணாடிப் பொத்தான், அதாவது இணையப் பக்கத்தில் சொடுக்குவதற்கான, கண்ணாடிபோல் மின்னும் பொத்தான், வரையப் பழகுவோரிடம் நான் காணும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த வேறுபாட்டைக் கவனிக்காததால் வருபவை. அவர்கள் கண்ணாடியை வரைவதாக எண்ணிக்கொண்டு எனாமல் தகட்டை வரைகிறார்கள்.

இவற்றுள் முதன்மையான பிழை, அடிப்படை நிறத்தின் கிரேடியன்டை, அதாவது அடர்நிறம் படிப்படியாக வெளிர்நிறமாகும் நிரப்பலை, தலைகீழாக இடுவது. வெளிச்சம் மேலிருந்து வருகிறது என்றதும் மேற்பகுதியை வெளிர்நிறமாகவும் கீழ்ப்பகுதியை அடர்நிறமாகவும் நிரப்பத்தான் கை போகும். பந்து, பானை, மாம்பழம் ஆகியவற்றுக்கு அது சரி, கண்ணாடிக்குச் சரியல்ல. காலை வேளையில் கடற்கரைச் சாலையில் நின்று சோடா புட்டியைக் கிழக்கு நோக்கிப் பிடித்துப் பார்த்தால், சூரியனைப் பார்க்கும் பக்கத்தில் ஒரு சிறு வெள்ளைக் கீற்று மட்டும் இருப்பதையும், சூரியனுக்கு எதிர்ப்பக்கமே பச்சையாக ஒளிர்வதையும் காணலாம். ஆகவே பொத்தானின் மேற்பகுதி அடர்நிறமாகவும், கீழ்விளிம்பை நெருங்க நெருங்க ஒளி கூடியதாகவும் இருக்க வேண்டும். அந்த அடர்ந்த மேற்பகுதியின் மீதுதான் வெள்ளை ஒளிப்பட்டை தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் கண்ணாடித் தாள் போன்ற படலத்தில்) அமர வேண்டும். கீழே ஒளி இல்லாத பொத்தான், எத்தனை எஃபெக்ட் சேர்த்தாலும், மெழுகு பூசிய பிளாஸ்டிக்காகவே தோன்றும்.

அந்தக் கீழ் ஒளியையும் பலர் வெள்ளையைக் கலந்து உண்டாக்குகிறார்கள். அதனால் நிறம் வெளுத்து, நீலப் பொத்தானின் அடிப்பகுதி மோர் ஊற்றியதுபோல் ஆகிவிடுகிறது. புதுச்சேரி ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள இருதய ஆண்டவர் பேராலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களை உள்ளிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வெயில் ஊடுருவும்போது சிவப்பு இன்னும் சிவப்பாகிறதே தவிர இளஞ்சிவப்பாவதில்லை. நிறத் தெரிவுப் பெட்டியில் சாயலையும் செறிவையும் பெரும்பாலும் அப்படியே வைத்துக்கொண்டு, பிரகாச அளவை மட்டும் மேலே 40, கீழே 95 என்பதுபோல் மாற்றினால் இந்த விளைவு கிடைக்கும். அல்லது கீழ்விளிம்பின் நடுவிலிருந்து விரியும் நீள்வட்ட ஒளியைத் தனி லேயரில் இட்டு, அந்த லேயரைக் கீழுள்ள நிறத்தோடு கலந்து அதை ஒளிரச் செய்யும் ஓவர்லே முறைக்கு மாற்றலாம். சாதாரண முறையில் விட்டால் மறுபடியும் மோர்தான்.

மேலே அமரும் ஒளிப்பட்டைக்கு வருவோம். அதன் ஓரங்களை ஃபெதர் கொடுத்துக் குழைத்துவிடுவது மிகப் பரவலான பழக்கம். மென்மையாக இருந்தால் அழகாக இருக்கும் என்ற எண்ணம் இதற்குக் காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தப் பட்டை என்பது எதிரே இருக்கும் சன்னலின் அல்லது வானத்தின் பிரதிபலிப்பு. வழவழப்பான பரப்பில் பிரதிபலிப்புக்குக் கூர்மையான எல்லை உண்டு; எல்லை கலைந்தால் பார்ப்பவரின் கண் அதைச் சொரசொரப்பான பரப்பு என்றோ, தூசி படிந்த கண்ணாடி என்றோதான் புரிந்துகொள்ளும். பட்டை மேலிருந்து கீழாக மங்கிக்கொண்டே வரலாம். ஆனால் முற்றிலும் மறைந்துபோவதற்கு முன்பே ஒரு தெளிவான கோட்டில் அது முடிய வேண்டும். மேலே 70 விழுக்காடு ஒபாசிட்டி (ஒளிபுகாத் தன்மை), முடியும் இடத்தில் 15 என்பது நான் வழக்கமாகத் தொடங்கும் அளவு. பட்டை முழுவதையும் 100 விழுக்காடு வெள்ளையாக விடுவதும் தவறே. கண்ணாடியை நேராக நோக்கும்போது அதன் ஒரு பரப்பு ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியை மட்டுமே திருப்பி அனுப்புகிறது; பார்வை சாயச் சாயத்தான் அந்தப் பங்கு கூடுகிறது. விளிம்போரம் கூடுதலாகவும் உட்புறம் குறைவாகவும் வெண்மை இருப்பது இதனால்தான்.

பட்டையின் மூலை வளைவில் ஒரு சிறு கணக்கும் இருக்கிறது. பொத்தானின் மூலை ஆரம் 20 பிக்சல், பட்டை விளிம்பிலிருந்து 3 பிக்சல் உள்ளே தள்ளி இருக்கிறது என்றால், பட்டையின் மேல்மூலை ஆரம் 17 ஆக இருக்க வேண்டும். அங்கும் 20 என்றே விட்டால் மூலையில் இடைவெளி பருத்து, ஏதோ சரியில்லை என்ற உணர்வை மட்டும் தரும். எது சரியில்லை என்று சொல்லத் தெரியாது.

ஒளியின் திசையை ஒரே சீராக வைத்திருக்க ஃபோட்டோஷாப்பில் குளோபல் லைட் என்ற வசதி உள்ளது. அது நிழல், புடைப்பு போன்று மென்பொருளே சேர்க்கும் லேயர் ஸ்டைல்களை மட்டுமே கட்டுப்படுத்தும். கையால் தீட்டிய பட்டை அதற்குக் கட்டுப்படாது. கோணத்தைப் பிறகு மாற்றினால் நிழல் ஒரு திசையிலும் மினுப்பு வேறு திசையிலும் நிற்கும். நிழலையும் கன்னங்கரிய கறுப்பில் இட வேண்டாம். நிறக் கண்ணாடியின் நிழலில் அந்த நிறம் சற்றுக் கசிந்திருக்கும் என்பதால், பொத்தானின் நிறத்தையே மிக அடர்த்தியாக்கி ட்ராப் ஷேடோவுக்குத் தந்தால் போதும்.

எழுத்து விஷயத்தில் தமிழில் வரைவோருக்குத் தனிச் சிக்கல்கள் உண்டு. வெள்ளை எழுத்தின் மேற்பாதி வெள்ளைப் பட்டையில் கரைந்துபோவது எந்த மொழிக்கும் பொதுவானது. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்க ஏதுவாக்கும் டபிள்யூசிஏஜி வழிகாட்டி, சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5க்கு 1 என்ற ஒளிர்வு வேறுபாட்டைக் கேட்கிறது, அதைப் பொத்தானின் மிக வெளிர்ந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். தமிழிலோ ‘கி’, ‘தீ’ ஆகியவற்றின் கொக்கிகள் மேலே நீளும், ‘ழு’, ‘து’ ஆகியவை கீழே இறங்கும். ஆங்கிலச் சொல்லுக்கு ஏற்ற உயரத்தில் வரைந்த பொத்தானில் ‘பதிவிறக்கு’ என்று இட்டால் கொக்கி பட்டையின் எல்லைக்கோட்டில் மோதுகிறது. முதலில் தமிழ்ச் சொல்லை இட்டுவிட்டு, அதற்கேற்பப் பொத்தானின் உயரத்தை முடிவு செய்வது நல்லது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘தொடர்பு’ என்பதன் ஒற்றைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. விருப்ப அமைப்புகளில் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். ஜிம்ப்பில் இந்தத் தொல்லை இல்லை.

பெரிதாக வரைந்து கடைசியில் சுருக்கினால் ஒரு பிக்சல் தடிமனில் இட்ட விளிம்புக்கோடு காணாமல் போகும். சிறிதாக வரைந்து அகலமாக இழுத்தால் மூலைகள் முட்டை வடிவமாகும். கிரேடியன்டில் படிப்படியாகக் கோடுகள் தெரிந்தால், வழக்கமான 8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் என்ற ஒவ்வொரு நிறவழிக்கும் 256 படிகளே இருப்பது அதற்குக் காரணம். அடுத்தடுத்த நிறப் புள்ளிகளைச் சிதறிக் கலக்கும் டிதர் தேர்வை இயக்கினால் மறையும்.

சேமிக்கும் கட்டத்தில் நான் பட்ட அவமானம் ஒன்றுண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு தங்கும் விடுதியின் இணையதளத்துக்குப் பச்சைப் பொத்தான் ஒன்றை வரைந்து ஜேபெக்காகக் கொடுத்தேன். பக்கம் வெள்ளையாக இருந்தவரை யாரும் எதையும் கவனிக்கவில்லை. பிறகு விடுதிக்காரர் பின்னணியைச் சந்தன நிறமாக்கச் சொன்னார். பொத்தானின் நான்கு மூலைகளிலும் வெள்ளை முக்கோணங்கள் பல்லைக் காட்டின. ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதி என்பதே கிடையாது. ஜிஃப்பாக மாற்றினேன், அதில் ஒரு பிக்சல் முழுதாகத் தெரியும் அல்லது முழுதாக மறையும், இடைநிலை இல்லை என்பதால் வளைவுகள் அரம்போல் ஆயின. பிஎன்ஜிக்கு வந்த பிறகும் வெள்ளை போகவில்லை. லேயர்களை ஒன்றாக்க ஜிம்ப்பில் ஃப்ளாட்டன் இமேஜ் கட்டளையைக் கொடுத்திருந்தேன். அது ஒளிபுகும் இடங்களைப் பின்னணி நிறத்தால் நிரப்பிவிடுகிறது. பின்னணி லேயரை மறைத்துவிட்டு, தெரியும் லேயர்களை மட்டும் இணைக்கும் கட்டளையைப் பயன்படுத்தியபோதுதான் மூலைகளில் சந்தன நிறம் தெரிந்தது.