கலாங்க் கடற்கரை: பயணத்தைக் கெடுக்கும் தவறுகளும் எல்லாவற்றையும் முடிவு செய்யும் காற்றும்

தெற்கு பிரான்ஸில் மார்சேய் நகரின் தெற்கு விளிம்பில் தொடங்கி, காஸி என்ற சிறிய துறைமுக ஊர் வரைக்கும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை மலைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. அந்தப் பாறைகளின் நடுவே கடல் உள்ளே புகுந்து நிற்கும் ஒடுங்கிய குடாக்களுக்குக் கலாங்க் என்று பெயர். பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது மூழ்கிப்போன பழைய பள்ளத்தாக்குகள் இவை. 2012 முதல் இந்தப் பகுதி தேசியப் பூங்கா. பாரிஸிலிருந்து மார்சேய்க்கு அதிவேக ரயிலில் மூன்றேகால் மணி நேரம் போலத்தான் ஆகும் என்பதால், விடுமுறைக்குக் குடும்பத்தோடு வந்திறங்கும் பாரிஸ் தமிழர்களுக்கும் இது எட்டும் தூரம்.

நடை, கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகு, படகுச் சுற்றுலா, பாறையேற்றம், முக்குளிப்பு என எல்லாமே இங்கே உண்டு. ஆனால் வருபவர்களில் பலர் ஏதாவது ஒன்றை இழந்துதான் திரும்புகிறார்கள். பெரும்பாலும் காரணம் ஒன்றே: வெயிலைப் பார்த்துத் திட்டம் போடுகிறார்கள். இங்கே நாளைத் தீர்மானிப்பது காற்று.

நீல வானத்தை நம்புவது

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் இறங்கி வரும் மிஸ்ட்ரல் காற்று மேகத்தையெல்லாம் துடைத்துவிடும். ஆகவே இந்தக் கரையில் ஆபத்தான நாள்தான் பார்க்க அழகான நாளாக இருக்கும். வானிலைச் செயலியில் முழுச் சூரியன் தெரியும். கடற்கரையில் நின்றால் தொப்பி பறக்கும். வீச்சு மணிக்கு 100 கிலோமீட்டரை எட்டும் நாள்களும் உண்டு.

செயலியில் பார்க்க வேண்டியவை மூன்று: காற்றின் திசை, சராசரி வேகம், வீச்சு வேகம். சராசரியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது பரவலான பிழை. பாறை இடுக்குகளில் காற்று திடீரென அடிக்கும். ஆளைத் தள்ளுவது அந்த வீச்சுதான். வேகம் நாட் (கடலில் பயன்படும் வேக அலகு) கணக்கில் இருந்தால் ஏறக்குறைய இரண்டால் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும் (சரியாகச் சொன்னால் 1.852).

இன்னொன்றையும் பலர் எதிர்பார்ப்பதில்லை. மிஸ்ட்ரல் அடித்து ஓய்ந்த மறுநாள் குளிக்கலாம் என்று இறங்கினால் தண்ணீர் உடம்பை விறைக்க வைக்கும். காற்று மேல்மட்டத்து வெதுவெதுப்பான நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளிவிட, அந்த இடத்தை நிரப்ப ஆழத்துக் குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. நடுக்கோடையிலும் 24 டிகிரி அளவில் இருந்த நீர் 17-க்குக் கீழே இறங்குவதுண்டு. குழந்தைகளை நீந்தவிடவோ, ஸ்நார்கெலிங் (மூச்சுக்குழாயோடு நீர்மட்டத்தில் நீந்துவது) பதிவு செய்யவோ நினைப்பவர்கள் முந்தைய இரண்டு நாள் காற்று எப்படி இருந்தது என்று பார்க்க வேண்டும். வெயில் சுடுகிறது என்பதை வைத்து நீரைக் கணிக்க முடியாது.

மலை மூடப்படும் நாளை மறப்பது

ஜூன் 1 முதல் செப்டம்பர் 30 வரை மலைப்பகுதிக்குள் நுழைய அனுமதி உண்டா என்பதை மாவட்ட நிர்வாகம் நாளுக்கு நாள் முடிவு செய்கிறது. தீ அபாயம் எவ்வளவு என்பதுதான் அளவுகோல். முந்தின நாள் மாலையில் அறிவிப்பு வரும்; தேசியப் பூங்காவின் ‘மே கலாங்க்’ செயலியில் நிறத்தோடு காட்டுவார்கள். சிவப்பு என்றால் பாதைகள் மூடல். வழிகாட்டியோடு போகிறோம், பணம் கட்டிவிட்டோம் என்பதெல்லாம் செல்லாது. மீறி நுழைந்தால் 135 யூரோ அபராதம்.

இது வெறும் கெடுபிடி என்று முணுமுணுப்பவர்கள் நில அமைப்பைப் பார்க்க வேண்டும். அலெப்போ பைன் மரமும் பிசின் நிறைந்த புதரும் கோடையில் காய்ந்து கிடக்கும். காற்றோடு தீ வந்தால் அது நடப்பவரை விட வேகமாக நகரும். பாதையின் மறுமுனையில் இருப்பது செங்குத்துப் பாறை, அதன் கீழே கடல். ஒதுங்க இடமில்லை. மலைக்குள் புகைபிடிப்பதற்கு ஆண்டு முழுவதும் தடை என்பதும் இதனால்தான்.

நடைமுறையில் வரும் சிக்கல் வேறு. ஒரே ஒரு நாளை ஒதுக்கி, அந்த நாளுக்கே நடைச் சுற்றுலாவையும் பதிவு செய்கிறார்கள். ஜூலை, ஆகஸ்டில் அப்படிச் செய்வது சூதாட்டம். குறைந்தது மூன்று நாள் தங்கி, எந்த நாளில் எது என்பதை முந்தின மாலையில் முடிவு செய்யுங்கள். பதிவு செய்யும் முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: மலை மூடப்பட்டால் முழுப் பணமும் திரும்புமா, வேறு தேதி மட்டும்தானா? நடையே முக்கியம் என்றால் ஏப்ரல், மே, அக்டோபர் போதும். கோடை இங்கே நடப்பதற்கான காலமே அல்ல என்பது எங்கள் கருத்து.

சுஜிதோனுக்குப் பதிவில்லாமல் போவது

மார்சேய் பக்கமுள்ள சுஜிதோன் குடாவுக்கு 2022 முதல் கோடையில் முன்பதிவு கட்டாயம். ஒரு நாளைக்கு 400 பேருக்குத்தான் இடம். முன்பு உச்ச நாள்களில் 2,500 பேர் வரை வந்து, மண் மிதிபட்டுக் கரைந்து, பைன் மரங்களின் வேர்கள் வெளியே தெரிய ஆரம்பித்த பிறகே இந்த ஏற்பாடு. ஜூலை, ஆகஸ்டில் தினமும் பொருந்தும். அதை ஒட்டிய வாரங்களில் வார இறுதிகளில் பொருந்தும். பதிவு இலவசம், பூங்காவின் தளத்தில் மட்டுமே. வருகைக்குச் சில நாள் முன்புதான் திறக்கும் என்பதால் மாதக்கணக்கில் முன்னால் தேடிப் பயனில்லை.

கிடைக்கும் கியூஆர் குறியீட்டைத் தங்குமிடத்திலேயே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். பாறைகளுக்கு நடுவே சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். காவலர் முன்னால் நின்று மின்னஞ்சலைத் தேடிக்கொண்டிருப்பது வழக்கமான காட்சி. அனுமதியின்றி போனால் 68 யூரோ. பதிவு இருந்தாலும் அன்று மலை சிவப்பு என்றால் போக முடியாது.

கிலோமீட்டரை மட்டும் கணக்கிடுவது

காஸி துறைமுகத்திலிருந்து போர்-மியூ குடாவுக்கு அரை மணி நடை. போர்-பேனுக்கு ஒரு மணி. ஆன்-வோ கரையில் கால் வைக்க ஒன்றரை முதல் இரண்டு மணி. வரைபடத்தில் பார்த்தால் சில கிலோமீட்டர்தான். முதல் இரண்டும் குழந்தைகளோடு போகக்கூடியவை. ஆன்-வோவுக்கு இறங்கும் கடைசிப் பகுதி அப்படியல்ல: செங்குத்து, அதோடு ஆயிரக்கணக்கான காலடிகள் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி வழவழப்பான சுண்ணாம்புக் கல். காய்ந்திருக்கும்போதே வழுக்கும், மழைக்குப் பிறகு அங்கே இறங்கவே கூடாது. ரப்பர் செருப்போடு வருபவர்கள் இந்த இடத்தில்தான் கணுக்காலைத் திருப்பிக்கொள்கிறார்கள். அடிப்பாகத்தில் ஆழமான பிடிப்புள்ள நடைக்காலணி வேண்டும். கடல் செருப்பைப் பையில் வைத்துக் கீழே போய் மாற்றிக்கொள்ளலாம்.

லூமினி பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சுஜிதோனுக்குப் போகும் பாதையில் ஏமாற்றம் வேறு விதம். போகும்போது பெரும்பகுதி இறக்கம், முக்கால் மணி முதல் ஒரு மணிக்குள் முடிந்துவிடும். திரும்பும்போது கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அதுவும் பிற்பகல் வெயிலில், வெள்ளைப் பாறை சூட்டைத் திருப்பி முகத்தில் அடிக்கும் நேரத்தில், பாட்டில் காலியான பிறகு. நடைபாதைகளில் குடிநீர்க் குழாய் எங்கும் கிடையாது. ஆளுக்கு 2 லிட்டர், கோடையில் 3 லிட்டர் என்று கணக்கு வையுங்கள். கொண்டுபோனதில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போதே திரும்ப வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் தப்பலாம். குப்பைத் தொட்டியும் இல்லை. பழத்தோல் உட்பட எல்லாவற்றையும் பையிலேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

மார்சேயின் கடைக்கோடியில் உள்ள கலலோங்கிலிருந்து காஸி வரை கரையோரமாகச் செல்லும் நீண்ட பாதை சுமார் 28 கிலோமீட்டர். ஒரே நாளில் முடிக்க 11, 12 மணி நேரம் ஆகும். இடையில் கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று வருகிறார்கள். பூங்காவில் இரவு தங்கத் தடை. இரண்டு நாளாகப் பிரித்து, நடுவில் லூமினி வழியாக வெளியே வந்து நகரப் பேருந்தில் திரும்புவதே நடக்கக்கூடிய திட்டம்.

கயாக்: கரையோர அமைதியை நம்புவது

இந்தப் பகுதியிலேயே உயிருக்கு ஆபத்தான தவறு இதுதான். கலாங்க் கரை தெற்கு நோக்கியது. மிஸ்ட்ரல் வடக்கிலிருந்து வருகிறது. ஆகவே காற்று நிலத்திலிருந்து கடல் பக்கம் அடிக்கும். உயரமான பாறையின் மறைவில் நீர் குளம்போல இருக்கும். துடுப்புப் போட்டு 200, 300 மீட்டர் வெளியே வந்ததும் மறைவு முடிந்துவிடும், காற்று முதுகில் தள்ளும். போகும்போது நன்றாகப் போகிறோமே என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும். புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர் மணிக்கு நான்கைந்து கிலோமீட்டர் வேகத்தில் போவார். 30 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் அவரால் நின்ற இடத்தில் நிற்பதே கடினம்.

ஆகவே பாறையை ஒட்டியே போங்கள். குடாவின் வாயைக் குறுக்கே கடப்பதற்கு முன் நின்று, வெளியே நீரின் நிறத்தையும் வெள்ளை நுரையையும் பாருங்கள். நுரைத் தலைகள் தெரிந்தால் அங்கேயே திரும்ப வேண்டும். கரையிலிருந்து 300 மீட்டருக்குள் இயந்திரப் படகுகளுக்கு 5 நாட் வேக வரம்பு உண்டு. அதற்கு வெளியே போனால் காற்றோடு படகுகளும் சேர்ந்துகொள்ளும்.

நேரமும் முக்கியம். மிஸ்ட்ரல் இல்லாத கோடை நாளிலும் பிற்பகலில் கடல் காற்று எழுந்து அலை சிலுசிலுக்கும். காலை எட்டு, ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் திரும்பிவிடுவது நல்லது. காஸியிலிருந்து போர்-பேனையும் ஆன்-வோவையும் பார்க்க அரை நாள் போதும். இருவர் கயாக்கில் பலமானவர் பின்னால் உட்கார வேண்டும். திசையைப் பிடிப்பது பின்னிருக்கைதான். உயிர்காப்பு ஜாக்கெட்டைச் சூடாக இருக்கிறது என்று கழற்றிக் கட்டி வைக்காதீர்கள். கவிழ்ந்தால் கயாக்கை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கரை பக்கம்தானே என்று நீந்தக் கிளம்புவது தவறு. கைபேசியை நீர்புகா உறையில், உடம்போடு கட்டி வையுங்கள். கடலில் உதவிக்கு பிரான்ஸில் 196, நிலத்தில் 112.

வாடகைக்கடையே ‘இன்று இல்லை’ என்று சொன்னால் அடுத்த கடையைத் தேடாதீர்கள்.

படகுச் சுற்றுலாவில் குளிக்க இறங்கலாம் என்று நினைப்பது

காஸி துறைமுகத்திலிருந்து போகும் சுற்றுலாப் படகுகள் குடாவுக்குள் நுழைந்து, திரும்பி, வெளியே வந்துவிடும், எங்கும் இறக்கிவிடாது. நீச்சலுடையும் குடையுமாக ஏறுபவர்களை ஒவ்வொரு நாளும் பார்க்கலாம். மூன்று குடாப் பயணம் முக்கால் மணி நேரம், ஐந்து என்றால் ஒரு மணிக்குச் சற்று மேல், எட்டு, ஒன்பது என்று போனால் ஒன்றரை முதல் இரண்டு மணி. எண்ணிக்கை கூடினால் காட்சியும் கூடும் என்பதில்லை. முதல் மூன்றிலேயே ஆன்-வோ வந்துவிடுகிறது. குமட்டல் உள்ளவர்களுக்கு நீண்ட பயணத்தின் திறந்த கடல் பகுதி வேதனை. ஐந்து போதுமானது.

இங்கே மிஸ்ட்ரல் மட்டும் பிரச்சினை இல்லை. கிழக்குக் காற்று வந்தால் வானமும் மூடி, காஸி விரிகுடாவுக்குள் நேராக அலையையும் கொண்டுவரும், படகுகள் ஓடாது.

சொந்தமாகச் சிறு படகு எடுப்பவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: நீருக்கடியில் கரும்பச்சைத் திட்டாகத் தெரிவது பொசிடோனியா கடற்புல். நங்கூரம் ஒரு தடவை கிழித்த இடத்தில் அது மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். வெளிர்நிற மணலில், அதுவும் அனுமதியுள்ள இடத்தில் மட்டும் நங்கூரமிடுங்கள்.

வழிகாட்டியின் தகுதியைக் கேட்காமல் விடுவது

பிரான்ஸில் பணம் வாங்கிக்கொண்டு மலை நடைக்கு அழைத்துப் போக அரசு அங்கீகரித்த தகுதியும் தொழில் அட்டையும் வேண்டும். அட்டையைக் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதை ஆகாது. முறையான வழிகாட்டி சிரித்துக்கொண்டே எடுத்துக் காட்டுவார். எந்தத் தகுதி என்பதும் முக்கியம். நடைவழிகாட்டிக்குக் கயிறு கட்டி ஏற்றும் அதிகாரம் கிடையாது. பாறையேற்றத்துக்கு அதற்கான பயிற்றுநரோ உயர்மலை வழிகாட்டியோ வேண்டும். ‘கொஞ்சம் கயிறும் உண்டு’ என்று ஒரு நடைச் சுற்றுலா விளம்பரம் சொன்னால், யார் அந்தக் கயிற்றைப் பிடிக்கிறார் என்று கேளுங்கள். குழுவில் எத்தனை பேர், ஏற்றம் மொத்தம் எத்தனை மீட்டர், எந்த மொழியில் விளக்குவார் என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

முக்குளிப்புக்கு வருபவர்கள் கொஸ்கேர் குகைக்குப் போக முடியுமா என்று விசாரிப்பதுண்டு. வரலாற்றுக்கு முந்தைய ஓவியங்கள் உள்ள அந்தக் குகையின் வாய் கடலுக்கடியில் 37 மீட்டரில் இருக்கிறது. 1991-இல் மூன்று முக்குளிப்பவர்கள் அங்கே இறந்தார்கள், குகையின் நுழைவாயில் அடைக்கப்பட்டுவிட்டது. முதன்முறை முக்குளிப்பவரை இங்கே 6 மீட்டருக்குக் கீழே கொண்டுபோக மாட்டார்கள். முக்குளித்த மறுநாளே விமானம் என்றால் இடையில் 24 மணி நேரம் விட்டுவிடுங்கள்.

வந்து சேரும் வழி

மார்சேயிலிருந்து காஸிக்கு உள்ளூர் ரயில் அரை மணிக்குள் வந்துவிடும், ஆனால் ரயில் நிலையத்திலிருந்து துறைமுகம் சுமார் 3 கிலோமீட்டர். பேருந்து நேரத்தை முன்பே பாருங்கள். படகு புறப்படும் நேரத்தை ரயில் நேரத்தோடு ஒட்டி வைக்காதீர்கள். காரில் வந்து ஊருக்குள் நிறுத்த இடம் தேடுவது கோடையில் வீண். ஊருக்கு மேலே உள்ள கொர்கெத் வாகன நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுச் சிறு பேருந்தில் இறங்கலாம். லூமினிக்கு மார்சேயின் கஸ்தெலான் மெட்ரோ நிலையத்திலிருந்து பி1 பேருந்து போகிறது.

சிவப்பு நாள் வந்துவிட்டால் மலையைச் சுற்றிப் புறவழி தேடாமல் மார்சேய்க்குள் இருந்துவிடுங்கள். பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் 2022-இல் திறந்த கொஸ்கேர் குகையின் மாதிரி வடிவம் இருக்கிறது. காற்று எவ்வளவு அடித்தாலும் உள்ளே தெரியாது, ஆனால் அத்தகைய நாளில் எல்லோருக்கும் இதே யோசனை வரும் என்பதால் முந்தின மாலை நிறம் தெரிந்த கையோடு நுழைவுச்சீட்டை எடுத்துவிடுங்கள்.