எல்லாம் தெரிந்த எதிரி: போர்ப் பயிற்சி மென்பொருளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போர்ப் பயிற்சி சிமுலேட்டர்களுக்கு எதிரிப் படையை எழுதப் புதிதாக வருபவர்களின் நிரல்களைப் படிக்கும்போது, எங்கள் தலைமுறை இடறிய அதே இடங்களில் அவர்களும் இடறுவதைப் பார்க்கிறேன். சுவரில் முட்டி நிற்கும் வீரன், பாலத்தை விட்டு ஆற்றில் இறங்கும் டாங்கி ஆகியவற்றைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. முதல் சோதனையிலேயே யாராவது அவற்றைச் சுட்டிக்காட்டிவிடுவார்கள். கண்ணில் படாமலே பயிற்சியைப் பாழாக்கும் பிழைகள்தான் என் கவலை.

வெற்றியையே இலக்காக வைப்பது

எதிரியின் வேலை ஜெயிப்பதல்ல, கற்பிப்பது. இன்று யார் எதைக் கற்க வேண்டும் என்று பயிற்றுநரிடம் கேட்ட பிறகே முதல் வரியை எழுதுங்கள்.

எதிரிக்கு எல்லாவற்றையும் தெரியவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இதைக் காணும்போது எனக்குக் கோபம் வருகிறது.

ஒவ்வொரு வீரரும் வாகனமும் எங்கே இருக்கிறார்கள், எந்தத் திசையில் என்ன வேகத்தில் நகர்கிறார்கள் என்ற தகவல் சிமுலேட்டர்களின் வலையமைப்பில் ஓயாமல் பரிமாறப்படும். பல சிமுலேட்டர்கள் சேர்ந்து இயங்க அது அவசியம். 1980களில் அமெரிக்க ராணுவம் பயன்படுத்திய சிம்நெட் என்ற சிமுலேட்டர் வலையமைப்பின் காலத்திலிருந்தே இதுதான் வழக்கம். புதியவர் அந்தத் தகவலை அப்படியே எடுத்து எதிரியின் முடிவெடுக்கும் பகுதிக்குக் கொடுத்துவிடுகிறார். எழுதுவதற்கு எளிது. செயல்விளக்கத்தில் எதிரி அசாத்திய சமர்த்தனாகத் தெரிவான். பார்க்க வந்த அதிகாரிகளும் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஒரு பயிற்சியில் இதன் விளைவை நேரில் பார்த்தேன். ஒரு குழு புதர் வரிசைக்குப் பின்னால் முறைப்படி தவழ்ந்து முன்னேறியது. எதிரே நின்ற டாங்கி சுடவில்லை. ஆனால் அதன் பீரங்கிக் குழல், புதருக்குப் பின்னால் தவழும் குழுத் தலைவரின் வேகத்துக்கு ஈடாக மெல்ல மெல்லத் திரும்பிக்கொண்டே இருந்தது. புதர்களின் இடைவெளியில் அவர் தலை தெரிந்த நொடியில் குண்டு பாய்ந்தது. சில சுற்றுகள் கழித்துப் பார்த்தால், அந்தக் குழுவில் ஒருவர்கூடத் தவழவில்லை. ஒளிவதால் பயனில்லை என்று கண்டுகொண்டு எழுந்து ஓடினார்கள். ஓடியவர்களுக்கு நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது! களத்தில் உயிரைக் காக்க வேண்டிய பழக்கத்தை ஒரு மென்பொருள் அவர்களிடமிருந்து பிடுங்கிவிட்டது. இத்துறையில் எதிர்மறைப் பயிற்சி என்று சொல்வது இதையே. பயிற்சியே தராமல் அனுப்பியிருந்தால்கூட இவ்வளவு கேடு வந்திருக்காது.

"இடையில் ஏதாவது மறைக்கிறதா என்று கணக்கிட்டுத்தானே சுடுகிறான்?" என்று சிலர் கேட்பார்கள். எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்று பாருங்கள். பல அமைப்புகளில் புல்லும் புதரும் திரையில் வரையப்படுவதோடு சரி. மறைப்புக் கணக்கில் மேடும் சுவரும் மட்டுமே இருக்கும். பயிற்சி பெறுபவருக்கு அடர்ந்த காடாகத் தெரிவது எதிரிக்கு வெட்டவெளி.

2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான டார்ப்பா நடத்திய ஆல்ஃபா டாக்ஃபைட் என்ற பாவனை வான்சண்டைப் போட்டியில், ஹெரான் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு அனுபவமிக்க எஃப்-16 விமானியை 5-0 என்று வென்றது. அதைக் காட்டி, எங்களுக்கும் அப்படியோர் எதிரி வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தப் போட்டியில் எதிர் விமானத்தின் நிலை பற்றிய துல்லியமான தகவல் மென்பொருளுக்கு நேரடியாகவே கிடைத்தது. நேருக்கு நேர் பாய்ந்து வந்து சுடுவதில் அது தயங்கவே இல்லை. மோதல் ஆபத்து கருதி விமானிகளின் பயிற்சி விதிகள் தடுக்கும் உத்தி அது. ஆய்வுப் போட்டி என்ற அளவில் அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே எதிரியை அன்றாடப் பயிற்சியில் கொண்டுவந்து நிறுத்துவதைத்தான் எதிர்க்கிறேன்.

உண்மை நிலவரத்துக்கும் முடிவெடுக்கும் பகுதிக்கும் நடுவே ஒரு புலன் அடுக்கை வையுங்கள். எதிரி எதைப் பார்த்தான், எதைக் கேட்டான், எவ்வளவு உறுதியாக என்பது மட்டுமே அதைத் தாண்டிச் செல்லட்டும். இலக்கு மறைந்துவிட்டால் கடைசியாகப் பார்த்த இடம் மட்டும் அவன் நினைவில் நிற்க வேண்டும். நேரம் போகப் போக அந்த இடத்தைச் சுற்றிய சந்தேக வட்டம் விரிய வேண்டும். ஒரு டாங்கி கண்டது அடுத்த டாங்கிக்குத் தெரிவதற்கு, வானொலியில் சொல்லி முடிக்கும் நேரமாவது ஆகட்டும். தவறாகப் புரிந்துகொள்ளவும் அவனுக்கு இடம் கொடுங்கள். போலி நகர்வையும் புகைத்திரையையும் ஏமாறக்கூடிய எதிரியிடம்தான் பழகிப் பார்க்க முடியும்.

சாகும்வரை சண்டையிடும் எதிரி

பின்வாங்கவும் சரணடையவும் தெரியாதவனை எழுதி முடித்ததாகக் கருதாதீர்கள்.

காரணத்தைப் பதிவு செய்யாதது

பயிற்சிக்குப் பின் நடக்கும் ஆய்வில் "அவன் ஏன் இடப்பக்கம் திரும்பினான்?" என்ற கேள்வி நிச்சயம் வரும். 1997இல் அமெரிக்கப் படைகளின் பெரும் பாவனைப் பயிற்சியில் விமானிகளாக இயங்கிய டாக்ஏர்-சோர் என்ற மென்பொருள், 5,000க்கும் மேற்பட்ட விதிகளால் ஆனது. எந்த விதி எப்போது இயங்கியது என்று பின்னோக்கித் தேடலாம். விதிகளை யாரும் எழுதாமல் தரவிலிருந்து தானே கற்கும் நரம்பு வலையமைப்பிடம் அப்படி எளிதில் பதில் வாங்க முடியாது. ஆகவே ஒவ்வொரு முடிவின்போதும் எதிரி நம்பியிருந்த நிலவரத்தை உண்மை நிலவரத்தோடு சேர்த்து, நேரம் குறித்துப் பதிவு செய்யுங்கள். இரண்டையும் ஒரே வரைபடத்தில் காட்டினால், தான் எந்த இடத்தில் எதிரியின் பார்வையிலிருந்து நழுவினோம், எங்கே மறுபடியும் அகப்பட்டோம் என்பதைப் பயிற்சி பெற்றவரே கண்டுபிடித்துவிடுவார்.